காட்டு ஆண் சிங்கக் கூட்டணிகளைப் பின்தொடர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மாநிலம் கேரளா, வீட்டிலும் கடையிலும் பேச்சு தமிழ், தெற்கே பார்த்தால் ஆனைமலைத் தொடர். பரம்பிக்குளத்துக்குப் போக வேண்டுமென்றால் கேரளாக்காரர்களும் சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் போக வேண்டும் என்பதால் இங்கே காட்டுப் பேச்சுக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆப்பிரிக்காவிலும் குஜராத்தின் கிர் காட்டிலும் வாழும் ஆண் சிங்கங்களைப் பற்றிக் கிடைக்கிற ஆய்வுகள், சஃபாரி வழிகாட்டிகளின் பதிவுகள், நேரலைகள் எல்லாவற்றையும் பார்த்து நெடுநாளாக நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். தெரிந்தவர்களும், கல்லூரிப் பிள்ளைகளும், ஜீப் ஓட்டுகிற நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கூட்டம் என்கிறீர்கள், கூட்டணி என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை, இது பிடிபட்டால்தான் மற்றதெல்லாம் புரியும். கூட்டம் என்பது பெண்களுடையது. தாய், மகள், சித்தி, பாட்டி, அவர்களுடைய குட்டிகள் என்று உறவுக்காரப் பெண் சிங்கங்கள் ஒரு நிலப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும். கூட்டணி என்பது ஆண்களுடையது. இரண்டு, மூன்று, சில நேரம் ஆறு ஏழு ஆண்கள் சேர்ந்து அலைந்து, வலு வந்ததும் ஒரு கூட்டத்தின் நிலத்துக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் பழைய ஆண்களை விரட்டிவிட்டுத் தங்குவார்கள். கொஞ்ச காலம் கழித்து இவர்களை விரட்ட இன்னொரு கூட்டணி வரும். தான்சானியாவின் செரெங்கெட்டியில் ஒரு கூட்டணி ஒரு கூட்டத்தோடு இருப்பது சராசரியாக 2 முதல் 3 வருடம்தான். நிலம் பெண்களோடு இருக்கிறது, ஆண்கள் வந்து போகிறார்கள்.

நம்ம பக்கம் சிங்கமே கிடையாது, அப்புறம் உங்களுக்கு எதுக்குங்க இந்த ஆசை?

உண்மைதான், தென்னிந்தியக் காடுகளில் சிங்கம் இருந்ததற்கான வரலாறு இல்லை. இந்தியாவில் அதன் பழைய எல்லை நர்மதைக்கு வடக்கோடு நின்றுவிட்டது. நமக்குப் புலியும் சிறுத்தையும் செந்நாயும்தான். ஆனால் புலி தனிக்காட்டு ராஜா. பரம்பிக்குளத்தில் ஓர் ஆண் புலியின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வனத்துறையின் கேமராப் படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். சிங்கம் அப்படியில்லை, பூனைக் குடும்பத்திலேயே இப்படிச் சேர்ந்து வாழ்வது இது ஒன்றுதான், அதுவும் திறந்தவெளியில், பகலில் மரத்தடியில் படுத்துக்கொண்டு. ஒரு சிங்கத்தின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து இறப்பு வரை, யாரோடு சேர்ந்தது, யாரிடம் தோற்றது, எத்தனை குட்டி தேறியது என்று முழுக்கப் படிக்க முடிகிறது. பெரிய வேட்டை விலங்குகளில் மிகச் சிலவற்றுக்கே இவ்வளவு விவரம் நமக்குக் கிடைக்கிறது. எனக்கு அது போதும்.

எல்லாச் சிங்கமும் ஒரே மாதிரி இருக்கிறதே, எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

மீசைப் புள்ளிகளை வைத்துத்தான். மீசை முளைக்கும் இடத்தில் கருப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் முதலில் இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும் உள்ள அரைகுறை வரிசை, அதற்குக் கீழே முழு வரிசை. அந்த முழு வரிசையின் எந்தப் புள்ளிக்கு நேராக அல்லது எந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் மேல்வரிசைப் புள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி இருக்கும். குட்டியிலிருந்து சாகும் வரை மாறாது. கென்யாவில் வேலை செய்த பென்னிகுயிக், ருட்னாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970-இல் இந்த முறையை எழுதி வைத்தார்கள், செரெங்கெட்டியிலிருந்து கிர் வரை இன்றைக்கும் இதுதான் அடிப்படை. நம்முடைய புலிக் கணக்கெடுப்பில் விலாவின் வரிகளை ஒப்பிடுவது போலத்தான், அங்கேயும் இடம் வலம் இரண்டு படமும் வேண்டும்.

ஆனால் பெரும்பாலான ரசிகர்கள் பார்ப்பது பிடரியையும் தழும்பையும்தான். இவை சீக்கிரம் கண்ணில் படும், அதனாலேயே ஏமாற்றும். பிடரி வயதோடு கருக்கும், காயம் பட்டாலோ உடம்பு சரியில்லாமல் போனாலோ உதிரும், மழையில் நனைந்தால் வேறு சிங்கம் மாதிரித் தெரியும். முகத் தழும்பு ஆறி மறைந்துவிடும், புதிதாக ஒன்று வரும். காதில் விழுந்த கிழிசல் மட்டும் ஆறிச் சேராது, ஆகவே அதைக் கொஞ்சம் நம்பலாம். அறுந்த வால், உடைந்த கோரைப்பல் இவையும் அப்படியே. என் வழக்கம் இதுதான்: மீசைப் புள்ளி தெரியாத படத்தைக் கொண்டு ஒரு சிங்கத்துக்குப் பெயர் சொல்வதில்லை. நண்பர்கள் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் சரி, ‘இருக்கலாம்’ என்று மட்டும் எழுதி வைப்பேன்.

வயதை எப்படிச் சொல்கிறார்கள்?

மூக்கைப் பாருங்கள். குட்டிக்கு இளஞ்சிவப்பாக இருக்கும், வருடம் ஏற ஏறக் கருப்புப் புள்ளிகள் பரவும். பாதி மூக்கு கருத்துவிட்டால் ஏறத்தாழ 5 வயதுக்கு மேல் என்று செரெங்கெட்டி ஆய்வு காட்டியது. இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். பிடரியும் உதவும், ஒரு வயதில் முளைக்கத் தொடங்கி நாலு ஐந்து வயதில் நிறைந்துவிடும். பல்லும் தேயும், மஞ்சளாகும்.

ரேடியோ காலர் போட்டால் சுலபமாகத் தெரிந்துவிடுமே?

காலர் என்றால் என்னவென்று நம் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023-இல் சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பன் கம்பம் ஊருக்குள் வந்தபோது கழுத்தில் காலரோடுதான் வந்தது. எங்கே இருக்கிறது என்று காலர் சொல்லும். அங்கே அது யாரோடு இருக்கிறது, சண்டை போட்டதா, ஜோடி சேர்ந்ததா என்பதைக் கண்ணால் பார்த்த ஆள்தான் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு கூட்டணியில் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் காலர் போடுவார்கள், மற்றது பிரிந்து போனால் காலருக்குத் தெரியாது.

காலர் இல்லாமலும் நிறையச் செய்திருக்கிறார்கள். செரெங்கெட்டியில் 225 தானியங்கிக் கேமராக்களை 1,125 சதுர கிலோமீட்டரில் கட்டங் கட்டமாக வைத்துப் பல லட்சம் படங்கள் எடுத்தார்கள், அதைப் பிரித்துப் பெயர் போட்டது உலகம் முழுக்க உட்கார்ந்திருந்த சாதாரண மக்கள். அப்புறம் காலடி பார்ப்பவர்கள். தென்னாப்பிரிக்க சஃபாரி வண்டியின் முன்பக்கத்தில் தனி இருக்கையில் உட்கார்ந்து தடம் பார்க்கும் ஷாங்கான் ஆட்களின் திறமையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம்முடைய காடர், மலசர் வாட்சர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஈர மண்ணில் தடத்தைப் பார்த்து எத்தனை மணிக்குப் போனது, நின்று திரும்பிப் பார்த்ததா என்று சொல்லிவிடுவார்கள். அந்த அறிவு இல்லாமல் எந்தக் கருவியும் பாதி வேலைதான் செய்யும்.

ஒரு கூட்டணியில் இருப்பவர்கள் எல்லாம் அண்ணன் தம்பிகளா?

நாலும் அதற்கு மேலும் இருந்தால் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள், அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா மக்கள் மாதிரி. இரண்டு மூன்று பேர் கொண்ட கூட்டணியில் உறவில்லாதவர்களும் இருப்பார்கள். கிரெய்க் பேக்கரும் ஆன் ப்யூசியும் 1978 முதல் செரெங்கெட்டியில் சேர்த்த தரவும் மரபணுச் சோதனையும் இதைக் காட்டின. காரணம் நேரடியானது. பெரிய கூட்டணியில் எல்லாருக்கும் குட்டி கிடைக்காது, ஒன்றிரண்டு ஆண்களே பெரும்பாலான குட்டிகளுக்குத் தகப்பன். அண்ணனின் குட்டி என்றால் அதிலும் தன் ரத்தம் கொஞ்சம் இருக்கிறது, அந்நியனின் குட்டிக்காக யார் உயிரைக் கொடுப்பார்கள்? ஆகவே உறவில்லாதவர்கள் பங்கு கிடைக்கும் சின்னக் கூட்டணியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தனி ஆள் கூட்டத்தைப் பிடிப்பது அரிது, பிடித்தாலும் நிலைக்காது.

புதிய ஆண்கள் வந்ததும் குட்டிகளைக் கொல்வது ஏன்? அதைப் பார்க்கவே முடியவில்லை.

என்னாலும் சுலபமாகப் பார்க்க முடியாது. காரணத்தைச் சொல்கிறேன். குட்டியோடு இருக்கும் பெண் சிங்கம் அந்தக் குட்டிகள் ஏறத்தாழ இரண்டு வயதைத் தொடும் வரை மறுபடி ஈனாது. வந்திருக்கும் ஆண்களுக்குக் கையில் இருப்பதே இரண்டு மூன்று வருடம். முந்தைய ஆண்களின் குட்டிகள் வளரும் வரை காத்திருந்தால் தங்கள் குட்டிகள் பிறக்கும் நேரத்துக்குத் தங்களையே விரட்டிவிடுவார்கள். குட்டியை இழந்த தாய் சில நாட்களிலோ வாரங்களிலோ மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். செரெங்கெட்டியில் முதல் வருடத்தில் சாகும் குட்டிகளில் கால்வாசிக்கு மேல் இப்படித்தான் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வயதைத் தாண்டிய குட்டிகள் ஓடித் தப்பலாம், ஆனால் பருவத்துக்கு முன்பே வேட்டை தெரியாமல் வெளியே நிற்கும்.

இது சிங்கத்துக்கு மட்டும் உள்ள கொடூரம் என்று நினைத்துவிடாதீர்கள். இதை உலகத்துக்குத் தெரியவைத்த முதல் பதிவுகளில் ஒன்று நம் தென்னிந்தியாவிலிருந்துதான் வந்தது. சுகியாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1960-களில் கர்நாடகத்தின் தார்வாட் பக்கம் சாம்பல் மந்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியிலிருந்து வந்த ஆண் பழைய தலைவனை விரட்டிவிட்டுக் கைக்குட்டிகளைக் கொன்றதை எழுதினார். டாப்ஸ்லிப் போகும் வழியில் நாம் பார்க்கும் மந்திக் கூட்டங்களிலும் ஆண் மாறும் கதை உண்டு.

அப்படியானால் பெண் சிங்கங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, எனக்கோ இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று தோன்றும். அவை சும்மா இருப்பதில்லை. ஒரே சமயத்தில் ஈன்று குட்டிகளை ஒன்றாக வைத்து வளர்க்கும், ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுக்கும். இதற்கு முக்கியக் காரணம் வேட்டை இல்லை, அந்நிய ஆண்களிடமிருந்து காப்பாற்றுவதுதான், நாலு தாய் சேர்ந்து நின்றால் ஓர் ஆண் யோசிக்கும். கேரன் மெக்காம்ப் என்ற ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்தில் ஒலிபெருக்கியில் சிங்கக் கர்ஜனையைப் போட்டுக் காட்டினார். குட்டிகளின் தகப்பன் குரல் கேட்டால் தாய்கள் அசையவில்லை. அந்நிய ஆணின் குரல் கேட்டதும் எழுந்து குட்டிகளைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தன. அந்நியப் பெண்களின் குரலைப் போட்டபோது எத்தனை குரல் கேட்கிறது, நாம் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்த மாதிரி நடந்துகொண்டன. மூன்று குரலுக்கு ஒற்றைப் பெண் கிட்டப் போகத் தயங்கியது, தங்கள் பக்கம் ஆள் கூடினால் முன்னே போயின.

இன்னொன்று. புதிய ஆண்கள் வந்த பிறகு முதல் சில மாதங்கள் பெண்கள் அடிக்கடி இணைசேரும், ஆனால் சினை பிடிக்காது. வந்தவர்கள் நிலைப்பார்களா, இன்னும் வலுவான ஆண்கள் பின்னால் வருகிறார்களா என்று தெரிவதற்கான கால அவகாசம் இது என்று பேக்கரும் ப்யூசியும் விளக்கினார்கள்.

கர்ஜனையை வைத்து எதையாவது கண்டுபிடிக்க முடியுமா?

நிறைய. அமைதியான இரவில் 8 கிலோமீட்டர் வரை கேட்கும். நிலம் பிடித்த ஆண்கள்தான் வாய்விட்டுக் கர்ஜிக்கும், நாடோடியாக அலையும் இளம் ஆண்கள் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை, திறந்தால் அடி விழும். ஆகவே நேற்று வரை சத்தமில்லாமல் ஓரத்தில் திரிந்த இரண்டு ஆண்கள் இன்று நடுக்காட்டில் நின்று கர்ஜிக்கின்றன என்று ஒரு வழிகாட்டி எழுதினால் அந்த வரியை நான் அடிக்கோடு போட்டு வைப்பேன். சண்டையை யாரும் பார்க்காவிட்டாலும் ஏதோ மாறிவிட்டது என்று அர்த்தம்.

மபோகோ சிங்கங்கள் நூறு சிங்கத்தைக் கொன்றது உண்மையா?

யூடியூப் பார்த்துவிட்டு வரும் எல்லாரும் கேட்பது இது. முதலில் தெரிந்ததைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டி சபி சாண்ட் என்ற தனியார் காப்புக்காடு இருக்கிறது. 1993-இல் நடுவில் இருந்த வேலியை எடுத்துவிட்டார்கள், ஆகவே சிங்கங்கள் இங்கும் அங்கும் போய்வரும். அங்கே 2006 வாக்கில் ஆறு ஆண்கள் கொண்ட மபோகோ கூட்டணி எழுந்தது: மகுலு, பிரெட்டி பாய், ராஸ்டா, ஸ்கியூ ஸ்பைன், கிங்கி டெயில், மிஸ்டர் டி. ஐந்து பேர் ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள், மகுலு வயதில் மூத்தது, வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. ஆறு பேர் என்பது அங்கே மிகப் பெரிய எண்ணிக்கை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூட்டங்களின் நிலத்தைப் பிடித்தார்கள், எதிர்ப்பட்ட ஆண்களையும் குட்டிகளையும் சில பெண்களையும் கொன்றார்கள்.

பிறகு பிளந்தார்கள். மிஸ்டர் டியும் கிங்கி டெயிலும் தனியாகப் போயின. 2010 ஜூனில் மஜிங்கிலானே என்ற ஐவர் கூட்டணி உள்ளே வந்தது. ஐவரில் ஒன்றை இந்த இருவரும் கொன்றுவிட்டார்கள், மிச்சம் நாலு பேரும் சேர்ந்து கிங்கி டெயிலைக் கொன்றார்கள். தப்பிய மிஸ்டர் டி பழைய சகோதரர்களிடம் திரும்பியது, திரும்பிய இடத்தில் அவர்களுடைய குட்டிகளையே கொன்றது. 2012 மார்ச்சில் செலாட்டி கூட்டணி அதைக் கொன்றது. மகுலுவைக் கடைசியாக 2013-இல் பார்த்தார்கள்.

இனி அந்த நூறு. யாரும் ஒவ்வொரு உடலையும் பார்த்து எண்ணிய எண்ணிக்கை அல்ல அது. கண்ணால் பார்த்தவை, குட்டிகள் காணாமல் போனதால் ஊகித்தவை, கேட்டுச் சொன்னவை மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிய எண். நான் என் நோட்டில் மூன்றையும் தனித்தனிப் பத்தியில்தான் எழுதுவேன், கூட்டிப் பார்ப்பதே இல்லை.

சரி, இதுவரை வந்ததில் எந்தக் கூட்டணி பெரியது, எது பலசாலி?

இந்தக் கேள்வியை வேறு மாதிரிக் கேளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். எத்தனை எதிரியைக் கொன்றது என்பது ஒரு கூட்டணியின் கணக்கில் செலவுப் பக்கம். வரவுப் பக்கத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: அவர்கள் இருந்த காலத்தில் பிறந்து, இரண்டு வயதைத் தாண்டிய குட்டிகள் எத்தனை? சண்டையில் எல்லாரையும் வென்றுவிட்டு, நாலு கூட்டத்துக்கு நடுவில் ஓடிக்கொண்டே இருந்து, எந்தக் கூட்டத்திலும் குட்டிகளைக் காக்க நேரமில்லாமல் போன கூட்டணிகள் உண்டு. ஒரே கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, வீடியோவே வராமல், ஒரு தலைமுறை மகள்களை அந்த நிலத்திலேயே வளர்த்துவிட்டுப் போன இருவர் கூட்டணிகளும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பெரியது.

நம் ஊரில் யானைக்குப் பெயர் வைத்தும் இதே பழக்கம்தான் வந்திருக்கிறது. சின்னத்தம்பி, படையப்பா, அரிக்கொம்பன் என்று தனியாகத் திரியும் கொம்பன்களின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காட்டில் வழியும் தண்ணீரும் தெரிந்து மந்தையை நடத்தும் கிழட்டுப் பெண் யானையின் பெயர் யாருக்குத் தெரியும்? சிங்கத்தில் அந்தத் தவறைச் செய்யாமல் இருக்கத்தான் என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கூட்டத்தின் பெயரைத் தலைப்பாகப் போட்டு, ஆண்களை அதற்குக் கீழே எழுதுகிறேன்.

கருப்புப் பிடரி என்றால் வலு அதிகமா?

பெய்டன் வெஸ்ட்டும் பேக்கரும் வெவ்வேறு பிடரி வைத்த சிங்கப் பொம்மைகளைச் செரெங்கெட்டியில் நிறுத்திப் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். பெண்கள் கருப்புப் பிடரியின் பக்கம் போயின, ஆண்கள் கருப்பைத் தவிர்த்து வெளிறிய பிடரியின் பக்கம் போயின. கருப்புப் பிடரி நல்ல சாப்பாட்டையும் முதிர்ச்சியையும் காட்டுகிறது, ஆனால் வெயிலில் உடம்பு சூடாகும், அதுதான் விலை. கென்யாவின் சாவோவில் பிடரியே இல்லாத ஆண்கள் கூட்டத்தை ஆள்வதும் உண்டு. 1898-இல் அங்கே ரயில் பாதை போட்ட நம் இந்தியக் கூலிகளைத் தின்ற இரண்டு சிங்கங்களும் பிடரியில்லா ஆண்கள்தான், அவையும் ஓர் இருவர் கூட்டணி.

கிர் சிங்கங்களும் இதே மாதிரிதானா?

இல்லை, இங்கேதான் நம் ஆட்கள் ஆப்பிரிக்கப் பாடத்தை அப்படியே ஒட்டித் தவறிவிடுகிறார்கள். கிர்ரில் ஆண்கள் தனி, பெண்கள் தனி. பெண் கூட்டங்கள் சிறியவை, ஆண் கூட்டணிகள் பெரும்பாலும் இருவர். இணைசேரும்போதும் பெரிய இரை கிடைக்கும்போதும் மட்டும் சந்திப்பார்கள். ஒரு கூட்டத்துப் பெண்கள் பக்கத்தில் இருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டணிகளோடு இணைசேரும். யாருடைய குட்டி என்று எந்த ஆணுக்கும் உறுதியாகத் தெரியாததால் கொல்லத் துணியாது. ஸ்தோத்ர சக்கரவர்த்தியும் யாதவேந்திரதேவ் ஜாலாவும் 2019-இல் இதை விரிவாக எழுதினார்கள், குட்டிகளைக் காக்கும் சண்டையில் இது பெண்களின் வெற்றி என்றே சொல்லலாம். அதற்கு முன் 2017-இல் அவர்களே எழுதியது ஆண்களைப் பற்றி. கூட்டணிக்குள் சமத்துவம் கிடையாது, ஆதிக்கம் உள்ளவனுக்கு இணைசேர்தலில் 70 சதவிகிதத்துக்கு மேல், உணவிலும் 47 சதவிகிதம் அதிகம். இருந்தும் அடங்கிப் போகிறவன் ஏன் கூட இருக்கிறான்? தனியாக இருந்தால் அந்த மிச்சமும் கிடைக்காது.

ஜெய், வீரு கதையைக் கேட்டிருப்பீர்கள். கிர்ரின் பெயர்பெற்ற இருவர் கூட்டணி. இருவரும் பிரிந்து இருந்த நேரத்தில் எதிரி ஆண்களிடம் தனித்தனியாக மாட்டிக் காயப்பட்டு, 2025 ஜூனில் வீருவும் ஜூலையில் ஜெய்யும் இறந்தன. கூட்டணி என்பது ஏன் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

கிர்ரில் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது: 2015-இல் 523, 2020-இல் 674, 2025-இல் 891. சந்தோஷம்தான். ஆனால் எல்லாம் ஒரே வட்டாரத்தில். 2018-இல் நாய்களிடமிருந்து வரும் டிஸ்டெம்பர் வைரஸ் தால்கானியா பக்கம் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்ததில் பங்கு வகித்தது. இதே வைரஸ் 1994-இல் செரெங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொண்டுபோனது. கிர்ரிலிருந்து கொஞ்சத்தை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது, இன்னும் ஒரு சிங்கம்கூடப் போகவில்லை. இதை நினைத்தால் எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகிறது.

நானும் நோட்டுப் போட ஆரம்பிக்க வேண்டும். என்ன எழுதுவது?

ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், சபி சாண்ட்டோ கென்யாவின் மசாய் மாராவோ. உலகத்துச் சிங்கத்தையெல்லாம் பிடிக்கப் பார்த்தால் ஒன்றும் நிற்காது. கூட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பெண்கள் எத்தனை, குட்டிகள் எத்தனை, எந்த மாதம் முதலில் தெரிந்தன என்று எழுதுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 110 நாள், தாய் குட்டிகளை ஆறு எட்டு வாரம் மறைத்து வைத்திருக்கும், ஆகவே முதலில் தெரிந்த நாளிலிருந்து பின்னால் எண்ணினால் எந்த ஆண்கள் அப்போது அங்கே இருந்தார்கள் என்று ஓரளவு பிடிபடும். ஒவ்வொரு வரியிலும் பார்த்த தேதியும் வெளியான தேதியும் வேண்டும், பழைய படத்தைப் புதிது மாதிரிப் போடுவது சகஜம். யார் பார்த்தது என்பதும் வேண்டும். கடைசியாகக் காணப்பட்ட தேதியை எழுதுங்கள், ‘இறந்தது’ என்று உடல் கிடைக்காமல் எழுதாதீர்கள். வேலியில்லாத காட்டில் சிங்கம் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் குரூகருக்குள் போய்த் திரும்பியிருக்கிறது.

நேரலை பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி. தென்னாப்பிரிக்கா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், கென்யா இரண்டரை மணி நேரம். அங்கே விடிகாலை ஜீப் கிளம்பும்போது இங்கே காலைச் சாப்பாட்டு நேரம்.

எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பகிரலாமா?

வேண்டாம். படத்தைப் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள், அதே நாளில் போடவே போடாதீர்கள். ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் செசில் என்ற சிங்கத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காலர் போட்டிருந்தார்கள், உலகத்துக்கே தெரிந்த சிங்கம். 2015 ஜூலையில் பூங்காவுக்கு வெளியே இரை காட்டி இழுத்து ஒரு வேட்டைக்காரர் கொன்றார். செசிலின் கூட்டாளி ஜெரிக்கோ அதற்கு உறவில்லாத ஆண், ஆனாலும் அது அங்கே நின்றதால் செசிலின் குட்டிகள் பிழைத்தன. ஒரு வேளை இரண்டும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேலே படித்தவர்களுக்குத் தெரியும். ஓர் ஆணைக் கொல்வது ஓர் உயிரோடு முடிவதில்லை.

அதே வருடம் டிசம்பரில் மசாய் மாராவின் மார்ஷ் கூட்டத்துச் சிங்கங்கள் விஷம் வைக்கப்பட்ட இறைச்சியைத் தின்று செத்தன. மாடு இழந்தவர்கள் வைத்தது. ஆடு மாடு இழந்தவரின் ஆத்திரம் நம் மலையடிவாரத்து மக்களுக்கு நன்றாகவே புரியும், அதற்கு இழப்பீடு உடனே கையில் கிடைப்பதுதான் வழி.

காயம்பட்ட சிங்கத்துக்கு வைத்தியம் பார்க்கலாமே?

கண்ணி, அம்பு, விஷம் என்று மனிதன் செய்த காயம் என்றால் பார்க்கிறார்கள், பார்க்கத்தான் வேண்டும். சிங்கத்தோடு சிங்கம் போட்ட சண்டை என்றால் பல காப்பகங்கள் தலையிடுவதில்லை. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. கிர்ரில் இந்த விஷயத்தில் கை தாராளம், பிடித்து மருந்து போட்டு விடுவார்கள்.

விரட்டப்பட்ட ஆண்கள் என்ன ஆகும்?

வயதானவை பெரும்பாலும் ஓரத்தில் அலைந்து பட்டினியிலோ காயத்திலோ போய்விடும். மாராவின் ஸ்கார்ஃபேஸ் என்ற சிங்கம் மாதிரி பதினான்கு வயது வாக்கில், 2021 ஜூனில், சண்டையில்லாமல் படுத்துச் செத்தவை மிகவும் குறைவு. இளமை மிச்சமிருந்தால் வேறு இடம் தேடும். உகாண்டாவின் குயீன் எலிசபெத் பூங்காவில் ஜேக்கப் என்ற சிங்கம் 2020-இல் பொறியில் சிக்கி ஒரு பின்னங்காலை இழந்தது. 2024 பிப்ரவரியில் அதுவும் சகோதரன் டிபுவும் காஸிங்கா கால்வாயை, முதலையும் நீர்யானையும் நிறைந்த தண்ணீரை, ஒரு கிலோமீட்டருக்கு மேல் இரவில் நீந்திக் கடந்தன. டிரோனின் வெப்பக் கேமராவில் அது பதிவாகியிருக்கிறது. அக்கரையில் பெண் சிங்கங்களைத் தேடித்தான் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மூன்று காலோடு இருந்ததை அந்தத் தண்ணீரில் இறக்கியது கூடவே நீந்திய சகோதரன்தான் என்று நான் நம்புகிறேன்.

நேரில் பார்க்க வேண்டும், ஆப்பிரிக்கா போக வசதியில்லை. என்ன செய்யலாம்?

கிர்ருக்குப் போங்கள். கோயம்புத்தூரிலிருந்து ராஜ்கோட்டுக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து ஜூனாகத் வழியாக சாசன் கிர். ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை காடு மூடியிருக்கும், அதைப் பார்த்துத் திட்டம் போடுங்கள், அனுமதிச்சீட்டை வனத்துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், பண்டிகை நாட்களில் கிடைக்காது. தேவாலியா என்பது வேலி போட்ட பகுதி, அங்கே பார்ப்பது நிச்சயம், ஆனால் கூட்டணி வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமென்றால் ஜீப் பாதைக்கே போங்கள், சிங்கம் தெரியாமல் திரும்பினாலும் பரவாயில்லை என்ற மனதோடு. ஆண் சிங்கம் கண்ணில் பட்டால் எல்லாரும் பிடரியை முன்னாலிருந்து எடுப்பார்கள், நீங்கள் அது தலை திருப்பும் வரை பொறுத்திருந்து இடக்கன்னம், வலக்கன்னம் இரண்டையும் எடுங்கள். பக்கத்தில் இன்னொரு ஆண் படுத்திருக்கிறதா என்று புதருக்குள் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.